இரத்தப் புற்றுநோய்: வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையில்

சில ஆண்டுகளுக்கு முன் எமது பகுதியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டு, தூரத்து வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். தாய் அவனோடு போய்விட்டார். தகப்பன் மற்ற இரு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கூலி வேலைக்கும் போய்வந்தார். ஐந்து மாதங்களின் பின் பிள்ளை வீடு திரும்பியபோது தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. நாமெல்லோரும் போய்ப் பார்த்தோம். "இனி என்ன, பிள்ளை சுகமாகிவிட்டான்" என்று சொன்னோம். அயலவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள்.

நாளாந்தம் குளிசை கொடுக்கவேண்டும், மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வரவேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். நான்கு மாதம் தவறாமல் போனார்கள். ஐந்தாம் மாதம் அறுவடை வந்தது. ஆறாம் மாதம் பஸ்ஸுக்குக் காசில்லை. பிள்ளையோ வளவில் பந்தடித்துக்கொண்டிருந்தான். சுகமாக ஓடித் திரிகிற பிள்ளைக்கு வாந்தி வரச்செய்யும் குளிசையை ஏன் கொடுப்பான் என்று அம்மம்மா கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒன்பதாம் மாதம் முரசில் இரத்தம் கசிந்தது. மீண்டும் கொண்டு ஓடினார்கள். இம்முறை மருந்துகள் பிடிக்கவில்லை.

அந்தத் தாயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுகமாகிவிட்டான் என்று அவரிடம் சொன்னவர்கள் நாம். இந்த நோயைப்பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியதை அறிந்திருக்கவில்லை. அந்தப் பாடத்தைப் பிந்தியேனும் படித்து, வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நோய் எங்கே தொடங்குகிறது?

எமது எலும்புகளின் உள்ளே என்பு மச்சை என்ற மென்மையான பொருள் இருக்கிறது. இரத்தத்திலுள்ள குழியங்கள் எல்லாம் அங்கேதான் உண்டாகின்றன. உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் செங்குழியங்கள், கிருமிகளோடு போராடும் வெண்குழியங்கள், காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் ஆகிய மூன்றும் ஒரே நாற்றுமேடையில் முளைப்பவை. அந்த நாற்றுமேடையில் முற்றாத வெண்குழியம் ஒன்று கட்டுமீறிப் பெருகத் தொடங்கினால் என்ன நடக்கும்? கோரை மண்டிய மேடையில் நெல் நாற்றுக்கு இடமில்லாமல் போவதுபோல, பயனற்ற குழியங்கள் நிறைந்து நல்ல குழியங்களுக்கு இடமில்லாமல் போகும். வெண்குழியங்களின் தொகை கூடியிருந்தும் நோயாளி கிருமிக்கு இலகுவில் இரையாவது ஏனென்று பலர் கேட்பதுண்டு. இருப்பவை போராடத் தெரியாத குழியங்கள் என்பதே விடை.

அறிகுறிகளும் இதிலிருந்தே வருகின்றன. செங்குழியம் குறைவதால் வெளிறல், களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல். நல்ல வெண்குழியம் குறைவதால் மாறிமாறி வரும் காய்ச்சல், வாய்ப்புண். சிறுதட்டுக் குறைவதால் முரசில் இரத்தம், மூக்கால் இரத்தம், அடிபடாமலே தோன்றும் கண்டல்கள், தோலில் ஊசி முனையளவு செம்புள்ளிகள். சிறு பிள்ளைகள் கால் நோகிறதென்று நடக்க மறுப்பதும் உண்டு. மச்சை நெருக்கமடைவதால் எலும்பு நோகிறது. இதை வளர்ச்சி நோவு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்துவது எமது கிராமங்களில் சாதாரணம்.

இங்கே டெங்கைப்பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சலோடு சிறுதட்டுக் குறைந்தால் இலங்கையில் எவருக்கும் முதலில் நினைவு வருவது டெங்குதான். அது சரியான நினைப்பே. டெங்கிலே குறைந்த சிறுதட்டு, நோய் தணிந்ததும் சில நாட்களில் மீண்டும் ஏறிவிடும். ஏறாமலே நின்றால், அல்லது வெளிறலும் காய்ச்சலும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், இரத்தப் பரிசோதனையை மறுபடியும் செய்விக்கவேண்டும். முழுமையான இரத்த எண்ணிக்கை என்ற அந்தப் பரிசோதனை ஒரு சிறு குழாய் இரத்தத்தில் முடிந்துவிடுகிறது. இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் பிடிபடுவது அதில்தான். நோயை உறுதி செய்வதற்கு இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மச்சையை எடுத்துப் பார்ப்பார்கள். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது" என்ற பயத்தில் சிலர் பரிசோதனைக்கு முன்னரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மச்சை எடுக்கும் ஊசி முள்ளந்தண்டு நரம்புக்கு அருகிலேயே போவதில்லை. நாரியில் போடும் வேறோர் ஊசி உண்டு. நாளத்தால் ஏற்றும் மருந்துகளிற் பல மூளைப் பக்கம் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்பதால், அங்கே ஒளித்திருக்கும் நோய்க் குழியங்களை அழிக்க முள்ளந்தண்டு நீரில் நேரடியாக மருந்தைச் செலுத்துகிறார்கள். அதையும் தவறவிடக்கூடாது.

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. மூர்க்கமாகத் திடீரென வருபவை உண்டு. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்பவை உண்டு. நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் லிம்போமாவும், முதியவர்களின் எலும்பை அரிக்கும் மைலோமாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பிள்ளைகளுக்கு அதிகம் வருவது, கிளினிக் கொப்பியில் 'ஏ.எல்.எல்.' என்று எழுதப்படும் திடீர் வகை. இந்தக் கட்டுரையில் அதைப்பற்றியே கூடுதலாகப் பேசுகிறோம்.

மருந்து வந்த வழி

"புற்றுநோய் என்றால் முடிந்தது" என்ற பேச்சு 1940கள் வரை இந்த நோயைப் பொறுத்தவரை உண்மையாகவே இருந்தது. பிள்ளைகள் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறந்தார்கள். 1947 இறுதியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1948 இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாகச் சொன்னார். தணிந்ததே தவிர மாறவில்லை. சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. அந்த மருந்தை உண்டாக்கிய ஆய்வுகூடத்தின் தலைவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே 1948 இல் அவர் இறந்துபோனார்.

அடுத்தது எமது வாசலில் நிற்கும் பட்டிப்பூ. இந்தியாவில் நித்தியகல்யாணி என்பார்கள். நீரிழிவுக்கு அதன் இலையை அவித்துக் குடிக்கும் வழக்கத்தைக் கேள்விப்பட்டு, கனடாவில் ஆராய்ந்தவர்கள், அதன் சாறு வெண்குழியங்களைக் குறைப்பதை 1950களில் கண்டார்கள். அச்செடியிலிருந்து பின்னர் பிரித்தெடுக்கப்பட்ட வின்கிறிஸ்டீன் 1963 முதல் பாவனையில் இருக்கிறது. இன்றும் எந்தப் பிள்ளையின் சிகிச்சையிலும் அது உண்டு. இதைக் கேட்டதும் பூவைப் பிடுங்கி அவிக்கத் தொடங்கவேண்டாம். செடியில் நஞ்சும் மருந்தும் கலந்தே இருக்கின்றன. வின்கிறிஸ்டீனை உடற்பரப்புக்கு ஏற்ப மில்லிகிராமில் அளந்து நாளத்தில் மட்டுமே ஏற்றுகிறார்கள். அதை வீட்டுக் குடிநீரில் அளக்க எவராலும் முடியாது.

ஒற்றை மருந்து நோயைத் தணிக்கும், பல மருந்துகளைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் மாற்றலாம் என்பது 1960களில் தெளிவாகியது. மெம்பிஸ் நகரில் டொனால்ட் பிங்கெல் என்ற வைத்தியர் வகுத்த முறையால் அந்தப் பத்தாண்டின் முடிவில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த வகை நோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேரளவில் பிழைக்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் மெல்லிய வகை ஒன்றுக்கும் (கொப்பியில் 'சி.எம்.எல்.') 2001 இல் இமற்றினிப் என்ற குளிசை வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் ஐந்து ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தார்கள். குளிசையை நாளாந்தம் எடுத்துக்கொண்டு தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் எங்கள் சிறுவன் இறந்தான்? உலக சுகாதார நிறுவனம் 2018 இல் சிறுவர் புற்றுநோய்க்கான உலக முயற்சியைத் தொடங்கியது. வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள், வறிய நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவு என்கிறது அது. அதற்குச் சொல்லும் காரணங்களில் மருந்தில்லாமை ஒன்று. பிந்திக் கண்டுபிடித்தல், மருந்தின் நஞ்சுத் தன்மையால் சாதல், சிகிச்சையை நடுவில் விட்டுவிடுதல் ஆகியவை மற்றவை. இவற்றிற் பல நிகழ்வது வாட்டிலல்ல. வீட்டிலும் பஸ் தரிப்பிடத்திலும் நிகழ்கின்றன.

நோய் தெரியாமல் இருக்கும் காலம்

முதல் ஒரு மாத மருந்திலேயே பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தத்திலும் மச்சையிலும் நோய்க் குழியங்கள் காணாமற் போய்விடும். இதை 'நோய் தணிந்த நிலை' என்று வைத்தியர்கள் சொல்வார்கள். 'நோய் மாறியது' என்று சொல்லமாட்டார்கள். அந்த வேறுபாட்டைத்தான் நாம் விளங்கிக்கொள்ளவில்லை. நுணுக்குக்காட்டியில் தெரியாத அளவுக்குக் குறைந்தபின்னும் உடலில் கோடிக்கணக்கான நோய்க் குழியங்கள் எஞ்சியிருக்கலாம். அவற்றை அழிக்கச் சில மாதங்கள் கடுமையான மருந்து. அதன் பின் வீட்டிலிருந்து எடுக்கும் குளிசைகள். எல்லாமாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்.

இந்தக் குளிசைக் காலம்தான் பிள்ளை ஆரோக்கியமாகத் தோன்றும் காலம். 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, குளிசைப் போத்தலின் மூடிக்குள் கருவி வைத்து அது திறக்கப்படும் நாட்களைப் பதிந்தது. கொடுக்கவேண்டிய குளிசைகளில் நூற்றுக்கு 95 க்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்துத் தெளிவாகக் கூடியிருந்தது. நூற்றுக்கு 95 என்றால் மாதத்தில் இரண்டு நாள் தவறுவதே எல்லை மீறல்.

இன்னுமோர் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இக்காலத்தில் பொதுவாக இரண்டு குளிசைகள் கொடுக்கப்படும். மேர்கப்டோபியூரின் நாளாந்தம். மெதொட்ரெக்ஸேற் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். இரண்டாவதை நாளாந்தம் கொடுத்துவிட்டால் மச்சையே அழிந்து உயிர் போகலாம். பல நாடுகளில் போயிருக்கிறது. ஆகவே வாரக் குளிசையை வேறு டப்பாவில் போட்டு, கிழமையின் பெயரைத் தாய்க்குத் தெரிந்த மொழியில் பெரிதாக எழுதி ஒட்டவேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத வீட்டில் கலண்டரில் அந்த நாட்களுக்கு வட்டம் போட்டு, கொடுத்ததும் வெட்டச் சொல்லலாம். பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளை ஒன்று செய்யக்கூடிய வேலை இது.

இரவில் வரும் காய்ச்சல்

மருந்து நோய்க் குழியத்தை அழிக்கும்போது நல்ல வெண்குழியத்தையும் சேர்த்தே அழிக்கிறது. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் அவை மிகக் குறைந்து நிற்கும். அவ்வேளை வரும் காய்ச்சல் சாதாரண காய்ச்சலல்ல. வெப்பமானியில் 38 பாகை செல்சியஸ் காட்டினால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று பார்த்திருப்பதும், பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைப்பதும் உயிராபத்தானவை. 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கல்ல, அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கு. அங்கே வெளிநோயாளர் வரிசையில் காத்திராமல் கொப்பியைக் காட்டி, "புற்றுநோய்க்கு ஊசி போடுகிற பிள்ளை, காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தால் கிருமியெதிர்ப்பு மருந்து ஏறவேண்டும் என்பதே வைத்தியர்கள் வகுத்த ஒழுங்கு. வாகனமில்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆயினும் மழைக்காலத்தில் ஒழுங்கைக்குள் வர முடியாத வீடுகள் உண்டு. ஆகவே யாருடைய முச்சக்கர வண்டி, யார் ஓட்டுவது என்பதை முன்னரே பேசிவைத்திருப்பது நல்லது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுப்பது, பழக்கூடையோடு பார்க்கப் போவதைவிடப் பெரிய உதவி.

பார்க்கப் போவதைப்பற்றியும் சொல்லவேண்டும். இந்த நோய் ஒட்டாது. பிள்ளையின் கோப்பையை வேறாக்கத் தேவையில்லை. நாம்தான் அவனுக்குக் கிருமியைக் கொண்டுபோகிறவர்கள். தடிமன், சின்னமுத்து, கொப்புளிப்பான் உள்ள வீட்டார் விலகியிருக்கவேண்டும். அப்படி ஒருவரோடு பிள்ளை பழகிவிட்டால் கிளினிக்குக்கு உடனே அறிவிக்கவேண்டும். கொதித்தாறிய நீர், அப்போது சமைத்த சோறு கறி, தோலுரித்த வாழைப்பழம் நல்லவை. பச்சையாக அரைத்த சம்பலும் கடைச் சாப்பாடும் பிறகு பார்க்கலாம். சிறுதட்டைக் கூட்டும் என்று பப்பாசி இலைச் சாறு பருக்குவதும், நோவுக்கு டிஸ்பிரின் கொடுப்பதும் வேண்டாம். டிஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும்.

எமது இரத்தம்

இந்த நோயாளருக்கு இரத்தம் ஒருநாள் தேவையல்ல, மாதக்கணக்கான தேவை. செங்குழியத்தைக் குளிரூட்டியில் ஐந்து ஆறு வாரம் வைத்திருக்கலாம். சிறுதட்டை அறை வெப்பநிலையில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் ஐந்து நாட்கள்தான். ஆகவே ஆண்டில் ஒரு தடவை 200 பேரைத் திரட்டி முகாம் நடத்திப் படம் பிடிப்பதைவிட, 50 பேர் வீதம் நான்கு தடவை கொடுப்பதே இவர்களுக்கு உதவும். 18 முதல் 60 வயது வரையானவர்கள், உடல்நலமும் போதிய நிறையும் இருந்தால், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். 2014 முதல் இலங்கையில் இரத்தம் முழுவதும் தொண்டர்களிடமிருந்தே பெறப்படுகிறது. பதில் ஆள் கொண்டுவா என்று நோயாளியின் குடும்பத்தைக் கேட்பதில்லை. அந்த நல்ல ஒழுங்கு நிலைப்பது நாம் போய்க் கொடுப்பதில்தான் தங்கியிருக்கிறது.

போகும் வழியும் பணமும்

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இது எமது நாட்டின் பெரும் பேறு. 2022 இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்து, மக்கள் வெளியில் வாங்க நேர்ந்ததையும் மறக்கவில்லை. ஆனால் மருந்து இருக்கும் காலத்திலும் பஸ் கூலி இலவசமல்ல, இழந்த நாட்கூலி திரும்ப வருவதில்லை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மட்டக்களப்பிலும் கண்டியிலும் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. என்றாலும் இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் மகரகமவுக்கே போகவேண்டியிருக்கிறது. முதற்கட்டச் சிகிச்சை முடிந்தபின் சில ஊசிகளையும் இரத்தப் பரிசோதனைகளையும் அருகிலுள்ள வைத்தியசாலையில் செய்யலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம். கேட்பது குற்றமல்ல.

தங்குமிடம் பற்றி வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரிக்கவேண்டும். பெரிய வைத்தியசாலைகளைச் சூழத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் விடுதிகள் உண்டு. புற்றுநோயாளருக்கான மாதாந்த உதவிக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். படிவங்களை நிரப்பவும் வைத்தியரின் கடிதத்தைப் பெறவும் அலைய ஒருவர் வேண்டும். வாட்டில் இருக்கும் தாயால் அது முடியாது.

மொழி இன்னொரு சுவர். சிங்களம் தெரியாத தாய், சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்ததைப் பின்னர் எம்மிடம் சொன்னார். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் முதல் நாளிலும், வீட்டுக்கு விடும் நாளிலும் கூட நின்றாலே போதும். முடியாவிட்டால் அந்த வேளையில் தொலைபேசியில் இருக்கலாம்.

எமது ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. அந்தச் சிறுவன் இறந்த அன்று மாலையே பணம் வந்துவிட்டது. பந்தலும் கதிரைகளும் வந்தன. கணக்குப் பார்த்தபோது, அந்தத் தொகை அவன் தவறவிட்ட கிளினிக் பயணங்கள் எல்லாவற்றுக்கும் போதும். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் கோபித்தார். அவருடைய கோபம் நியாயமானதே. செத்தவருக்குச் செய்வதைக் குறைக்க யாரும் விரும்பமாட்டார்கள். கடைசியில் வீட்டுக்கு மாதம் 50 ரூபா வீதம் வேறாகச் சேர்ப்பதென்று முடிவாயிற்று. அந்தப் பணம் காசாகக் கொடுபடுவதில்லை. பயணத்துக்கு முதல்நாள் பஸ் ஆசனமாகக் கொடுபடுகிறது.

எல்லோரும் பிழைக்கமாட்டார்கள். மருந்து இனிப் பயனில்லை என்று அனுப்பப்படும் நோயாளிக்கும் சிகிச்சை உண்டு. நோவுக்கு மோர்பின் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறவேண்டும், பழக்கமாகிவிடும் என்று பயந்து மறுக்கக்கூடாது. வாயைத் துடைத்துவிடவும், இரவில் விழித்திருக்கவும், வீட்டுக்காரர் சற்று உறங்க இடம் கொடுக்கவும் ஆள் வேண்டும். இதில் எமது மாதர் சங்கத்தினர் எம்மைவிட முன்னே நிற்கிறார்கள்.

இப்போது எமது குழுவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நோயாளியின் பெயர், குளிசை எடுக்கும் நாட்கள், அடுத்த கிளினிக் திகதி, கூடப் போகிறவர் என்று நான்கு நிரல்கள். இன்று அதில் மூன்று பெயர்கள். ஒருவருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக். பஸ்ஸுக்குப் பதிந்தாயிற்று. நான்காம் நிரல் இன்னும் வெறுமையாக இருக்கிறது.